நூற்றுப்பத்து கிலோ சத்தம்

சிரிச்சு முடிச்சாச்சா அண்ணே? பாக்கி இருந்தா அதையும் சிரிச்சிருங்க, காத்திருக்கிறேன். எப்படியும் இந்த எக்ஸ்ரே ரூம் கதவு இப்போதைக்குத் திறக்கப் போவதில்லை.

நீங்க மட்டுமா, இந்த பெஞ்சே சிரித்தது. அந்த வார்டுபாய் என்ன சொன்னான்? "தம்பீ, கையப் பாத்தா பனைமரமாட்டம் இருக்கு, இந்த ஸ்ட்ரெச்சர் முனைய மட்டும் படி மேல ஒரு தூக்கு தூக்கு ராஜா." அப்படியேதானே சொன்னான்? மூக்கிலேயே பேசுகிறான், மூணு மாசத்துச் சளி உள்ளே இருக்கும். ச்சீ. நானும் குனிந்தேன். தூக்கவில்லை என்று சொல்லக்கூடாது, ஒரு சாண் தூக்கினேன். அதற்கு மேல் என் முதுகு ஈரத்துணி மாதிரி மடங்கிவிட்டது. முட்டி ரெண்டும் தனித்தனியாக ஆடியது. அதற்குள் அந்த நைட்டி போட்ட அக்கா, ஒரு கையில் இட்லிப் பொட்டலம், மறு கையால் தூக்கிப் படிமேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பதான் நீங்க சிரிச்சீங்க. மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு அடுத்தவன் முட்டியைப் பார்த்துச் சிரிக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

உங்க டோக்கன் என்ன, நாற்பத்தொண்ணா? நேரம் இருக்கிறது. கொஞ்சம் முன்னால் சிஸ்டர் குரலில் "முப்பத்தீநாலு, முப்பத்தீநாலு யாருங்க, காது கேக்கலையா" என்று ஒரு சத்தம் வந்ததே, அந்தத் தாத்தா எழுந்து போய்க் கதவைத் தட்டித் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாரே, அது நான்தான். சொல்லிடாதீங்க. எனக்கு எந்தக் குரலும் வரும். ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டையில் வந்து உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். குரலில் மைக்கில் லீவு விட்டவன் நான். முந்நூறு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் சஸ்பென்ட். அந்த ஒரு வாரமும் எனக்கு லீவுதானே?

சரி. கையைப் பார்த்தீங்க, முட்டியைப் பார்த்தீங்க, நடுவில் என்ன ஆச்சு என்று தெரிய வேண்டாமா? நான் சொல்கிறேன், யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்க.

என் பேர் யுகேந்தர். பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டேன். ஊர் வாலாஜா. உள்ளே எக்ஸ்ரே மேஜையில் படுத்திருக்கிறானே, அவன் எபினேசர், என்னோடு ஜிம்முக்கு வருகிறவன். மணிக்கட்டு வீங்கி பன் மாதிரி இருக்கிறது. கூட்டிக்கொண்டு வந்தது நான். வந்ததிலிருந்து எல்லாரும் என்னையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் எங்கள் பக்தவத்சலம் மாஸ்டர்தான். மாஸ்டரும் அவருடைய காதும்.

எங்கள் ஜிம் ஒரு பழைய அரிசி மண்டி. கீழே மாஸ்டரின் சைக்கிள் கடை, மேலே மூட்டை அடுக்குகிற பரண். பரணில்தான் ஜிம். தேக்குப் பலகை, ஆயிரம் மூட்டை தாங்கியது. வாடையைக் கேட்காதீங்க. பழைய தவிட்டு நாற்றம், அதன் மேல் வேர்வை, அதன் மேல் கீழேயிருந்து வருகிற டியூப் ஒட்டுகிற பசை. எபி வேறு ரெண்டு அவித்த முட்டையை டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து நடுவில் உரித்துத் தின்பான். டிராயர் பாக்கெட்டில் அண்ணே! உவ்வே.

மாஸ்டருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம். ஏணிப்படி ஏற முடியாது. ஆனால் விட்டாரா? கீழே ஸ்டூலில் உட்கார்ந்து வீல் கோட்டம் எடுத்துக்கொண்டே, மேலே நடப்பதைக் காதாலேயே பார்ப்பார். அதுதான் எங்கள் ஜிம் பழக்கம். "மேல யாரு?" என்பார், தூக்குவதற்கு முன்னால் பேரையும் எடையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். "எபி, எண்பது!" என்று கத்திவிட்டு, ஸ்டாண்டிலிருந்து எடைத்தட்டு மாட்டிய பாரைக் கழுத்தில் எடுத்து, எண்ணிக்கொண்டே உட்கார்ந்து எழ வேண்டும். பார் எடுக்கிற 'டங்', பின்னால் வைக்கிற ரெண்டு அடி, மூச்சு, உட்காரும்போது பலகை போடுகிற 'கிர்ர்', எல்லாம் கீழே போகும். அங்கேயிருந்து வரும் பாருங்க, "ஏய்ய்... மூணாவது பாதியில நிக்குது! கக்கூஸ்ல உக்கார்ற மாதிரி முழுசா உக்காருடா!" பாதி தெருவுக்குக் கேட்கும். எதிர்த்த கடை மருந்துக்கார அக்கா எங்களைப் பார்த்தாலே சிரிக்கும். மானம் போகிற ஜிம்.

அவருக்கு ஒரே பாட்டு. "நாலு பெரிசு, ரெண்டு சிறுசு." உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், தரையிலிருந்து தூக்குகிற டெட்லிஃப்ட், படுத்துத் தள்ளுகிற பெஞ்ச், தலைக்கு மேல் தூக்குகிற பிரஸ், இது நாலும் பெரிசு. உடம்பு மொத்தமும் சேர்ந்து தூக்குகிறது. முழங்கை மடக்குகிற கர்ல், பின்கைக்கு ட்ரைசெப்ஸ், மணிக்கட்டு மடக்குகிறது, கெண்டைக்கால், இதெல்லாம் சிறுசு, இதில் தினம் ஏதாவது ரெண்டு. ஒரு இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வேலை கொடுக்கிறது. வீடியோவில் வருகிற அண்ணன்கள் இதையே "கய்ஸ், காம்பவுண்ட் முதல்ல, ஐசொலேஷன் அப்புறம், லைக் பண்ணிருங்க கய்ஸ்" என்பார்கள். மாஸ்டர் லைக் கேட்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். "பெரிசு சுவரு, சிறுசு பூச்சு. சுவரு இல்லாம எதுமேலடா பூசுவ? ஆனா பூசாம விட்டியோ, மழைக்குச் சுவரும் கரையும். ரெண்டும் வேணும். நாலுக்கு ரெண்டு. குறையவும் கூடாது, கூடவும் கூடாது."

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிச்சீங்களா? பெரிசுக்கு மட்டும்தான் குரல். சிறுசுக்குக் குரல் கிடையாது, "சின்னதை அவனவன் மனசாட்சிக்குச் செய்யட்டும்" என்று விட்டுவிட்டார். அதாவது பெரிசைக் காதால் கேட்பார், சிறுசை யாருமே பார்க்கமாட்டார்கள். எனக்கு எது வரும்? சத்தம் வரும். எனக்கு எது வேண்டும்? கை வேண்டும்.

கண்ணாடியில் என்ன தெரியும் அண்ணே? முதுகு தெரியுமா? தொடை தெரியுமா? பேண்ட் போட்டிருக்கிறோம். கைதான் தெரியும். பின்னே, கழுத்தில் பாரை வைத்துக்கொண்டு கண் பிதுங்கக் கக்கூஸ் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து எழ எனக்கு என்ன தலையெழுத்து? முதல் வாரம் நிஜமாகவே செய்தேன். அறுபது கிலோ. மறுநாள் படி இறங்க முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் வாத்து மாதிரி நடந்தேன், பொம்பளப் பிள்ளைகள் பார்த்தார்கள். அருவருப்பாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பேட்சில் நானும் எபியும்தான். நாலரை மணி பேட்சில் எப்போதும் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து டம்பெல் எடுத்துக் கர்ல் அடித்துக்கொண்டே, "யுகேந்தர், அறுபது!" என்று கத்தினேன். காலால் ஒரு அஞ்சு கிலோ தட்டைத் தள்ளி ஸ்டாண்டில் இடித்தேன், டங். பலகையில் ரெண்டு மிதி. "ஹூம்ம்" என்று மூச்சு. அப்புறம் பலகை போடுகிற அந்த 'கிர்ர்'. அதை வாயாலேயே போட்டேன் அண்ணே! பலகை இடுக்குப் பக்கம் குனிந்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி. இதோ, கேளுங்க. கிர்ர்ர். எப்படி? தேக்கு இல்லை இது?

எபி பாரின் கீழே நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். கீழேயிருந்து மாஸ்டர் குரல் வந்தது. "பலே! நேத்தைக்கு இன்னைக்கு நல்லா இறங்குற. நாளையிலேருந்து அஞ்சு ஏத்து."

எபிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு பலகையில் உருண்டான். அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு மாசம்.

நாலு மாசமும் என் ஸ்குவாட் ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. எடை ஏற ஏற நானும் கஷ்டப்பட்டேன், சும்மா சொல்லக்கூடாது. எண்பதுக்கு மேல் மூச்சை எங்கே உடைக்க வேண்டும், எட்டாவதில் எண்ணிக்கையை எப்படி இழுக்க வேண்டும், எல்லாம் வீட்டில் ஒத்திகை. டெட்லிஃப்டுக்கு இருபது கிலோ தட்டைக் காலால் சாய்த்து ரப்பர் ஷீட்டில் போடுவேன், 'தொம்'. அது கொஞ்சம் நிஜ வேலைதான். நடுவில் கர்ல், கர்ல், கர்ல். மணிக்கட்டு, முன்னங்கை, ட்ரைசெப்ஸ். எங்கள் ஜிம்மில் சின்ன டம்பெல் ஒரே ஒரு ஜோடி. ஏழரை கிலோ. அது எப்போதும் என் கையில்தான் இருக்கும். எபி சில நாள் கேட்பான், "டேய், ரெண்டு செட் மணிக்கட்டுக்கு அடிச்சிட்டுத் தரேன்டா, கேன் தூக்கித் தூக்கி வலிக்குது." இதோ முடித்துவிட்டேன், இதோ முடித்துவிட்டேன் என்பேன். அதற்குள் அவனுக்குச் சாயங்காலத் தண்ணி கேன் வண்டி வந்துவிடும். இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து மூணாம் மாடிக்கு ஏறுகிற பிழைப்பு. போய்விடுவான்.

அதனால்தான் சொல்கிறேன். இன்றைக்கு அவன் மணிக்கட்டு மடங்கியதே, ஏன்? அவன் சிறுசு செய்யவில்லை. நாலுக்கு ரெண்டு என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாரா இல்லையா? இவன் நாலு மட்டும் செய்தான், ரெண்டை விட்டான். செய்திருந்தால் மணிக்கட்டு நின்றிருக்கும். என் மணிக்கட்டைப் பாருங்க, கல்லு. என்ன அண்ணே அப்படிப் பார்க்கறீங்க? நான் சொன்னதில் ஏதாவது பொய் இருக்கிறதா?

ஒரே ஒரு சத்தம் எனக்கு வராது. அதையும் சொல்லிவிடுகிறேன். எபி ஒரு நாள் கேட்டான், "என் சத்தத்தைப் பண்ணிக் காட்டுடா." செய்தேன். அவன் குரல், அவன் மூச்சு, அந்த முட்டை ஏப்பம்கூட. தரையில் உட்கார்ந்து கேட்டான், வாயைப் பிளந்துகொண்டு, யாரோ அவனுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி. "அச்சு அசல்டா. ஆனா கடைசில ஒண்ணு வரல." கடைசி முறை எழும்போது அவன் தொண்டைக்குள் சின்னதாக ஒரு சத்தம் வரும். அழப்போகிற குழந்தை அழாமல் விழுங்குகிற மாதிரி. பத்து நாள் முயன்றேன். வரவில்லை. போனால் போகட்டும், அழுமூஞ்சிச் சத்தம், யாருக்கு வேண்டும்.

இப்போது கோச் கதைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு காலேஜ். அதன் கோச் மாவட்டப் போட்டிக்கு வருகிறார் என்று மாஸ்டர் சொன்னார். எங்கள் ஜிம்மிலிருந்து, உடம்பு எடை அறுபத்தாறு கிலோப் பிரிவில் ஒரு பையன்தான் போகலாம். கோச்சுக்குப் பிடித்திருந்தால் காலேஜ் சீட்டு, ஹாஸ்டல், மூணு வேளை சாப்பாடு, ஒன்றுக்கும் காசு கிடையாது. போட்டியைப் பார்ப்பார், ஆனால் கடைசியில் மாஸ்டர் வார்த்தையைத்தான் கேட்பாராம். பழைய சிநேகிதம்.

எபிக்கு அது வேண்டும். வாயைத் திறந்து சொல்லமாட்டான், ஆனால் அன்றையிலிருந்து முட்டை ரெண்டு நாலாச்சு. அவன் வீட்டில் பிளஸ் டூவோடு படிப்பு சரி, ஜூனிலிருந்து முழுநாளும் கேன் வண்டி என்று சொல்லியாகிவிட்டது. எனக்கு? எனக்கு அப்பா இன்ஜினியரிங் சீட் பார்த்து வைத்துவிட்டார். எனக்கு எதற்கு அந்த ஹாஸ்டல் சோறு? ஆனால் போட்டிக்குப் போகிறவன் போட்டோவைத் தெருமுனையில் பிளெக்ஸ் வைப்பார்கள் அண்ணே. கையில்லாத பனியனோடு.

மாஸ்டர் கீழேயிருந்து அறிவித்தார். "எபி நூத்தி அஞ்சு. யுகேந்தர் நூத்திப்பத்து. யுகேந்தர் போறான்."

எபி நிஜமாகவே நூத்தி அஞ்சு செய்திருந்தான், நான் பார்த்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நான் அதற்கு மேல் அஞ்சு. வாய்க்கு அஞ்சு கிலோ என்ன பெரிய பாரமா?

அப்போதும் அவன் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் குமட்டுகிறது. ஏணிக்கு ரெண்டு அடி. இறங்கிப் போய், "மாஸ்டர், அவன் வாயால தூக்குறான்" என்று ஒரு வார்த்தை. நானாக இருந்தால் மாஸ்டர் குரலிலேயே மாஸ்டருக்குச் சொல்லியிருப்பேன். இவன் டம்பெல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "நிஜமா ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டுப் போடா, கீழ விழப்போற" என்றான். என்ன ஜென்மம்! நான் விழுவேனாம். இந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான். நாலு மாசம் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியும் அண்ணே, நான் நூத்திப்பத்து தூக்குகிறவன். என் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்று காலையில் ராணிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் ஸ்டாண்டு. பின்னால் யாருடையதோ நிச்சயதார்த்த ஜிகினா இன்னும் தொங்குகிறது. மைக்செட்காரர் கல்யாணத்துக்குப் பேசுகிற ஆள்தான். "அடுத்த்ததாக மேடைக்கு வர இருப்பவர்... வாலாஜா மண்ணின் மைந்தர்... நூறு கிலோவோடு களம் காண்கிறார்... ச்செல்வன் யுகேந்தர்!" முதல் முறைக்கு மாஸ்டர் பத்து கிலோ குறைத்துத்தான் கொடுத்திருந்தார். "சும்மா எழுந்து வாடா, உனக்கு இது தண்ணி." கோச் முதல் வரிசையில், தொப்பையும் விசிலும். நான் பனியனில் நடந்து வந்ததும் கைதட்டல். மறுக்க முடியாது. கைதட்டினார்கள்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில், பாருக்கு ரெண்டு பக்கமும் பாதுகாப்புக்கு நிற்க அந்தந்த ஜிம் பசங்களையே கூப்பிடுவார்கள். இடது பக்கம் எபி. வலது பக்கம் ஆற்காட்டுப் பையன் ஒருத்தன்.

பாரை எடுத்தேன். எடுத்ததும் எனக்கு ஒன்று தெரிந்தது. நிஜமாக நூறு கிலோவைச் சுமந்துகொண்டு பின்னால் வைக்கிற ரெண்டு அடிக்குச் சத்தமே வராது அண்ணே. காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வைக்க முடியும். நாலு மாசமாக நான் மிதித்தது என்ன சத்தம்? யாரும் அப்படி மிதிக்கமாட்டார்கள். அந்தக் காது, குண்டூசி விழுந்தால் சைஸ் சொல்லுகிற காது, இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? சொல்லுங்க! அவர் தப்பா, என் தப்பா?

இறங்கினேன். இறங்குவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே இறக்கியது. கீழே போய் நின்றேன். மேலே வர எதுவும் இல்லை. தொடை இல்லை, முதுகு இல்லை. கை இருந்தது, கை பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம். அழப்போகிற குழந்தை விழுங்குகிற சத்தம். எபிதான் என்று நினைத்தேன். என் தொண்டை. நான் செய்யவில்லை அண்ணே. தானாக வந்தது.

பார் இடது பக்கம் சாய்ந்தது. ஆற்காட்டுப் பையன் விலகிவிட்டான், புத்திசாலி. எபி விலகவில்லை. குனிந்து, மார்போடு பாரை அணைத்துத் தூக்கினான். நான் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தேன், ஊர்ந்து, முந்நூறு பேர் முன்னால். பாரை அவன் கீழே விடும்போது அவன் மணிக்கட்டு ஸ்டாண்டுக்கும் பாருக்கும் நடுவில் மாட்டித் திருகிக்கொண்டது.

மாஸ்டர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். "என்னடா ஆச்சு? நூத்திப்பத்து பண்றவனுக்கு நூறுல என்னடா ஆச்சு?" நான் வாயைத் திறந்தேன். எந்தக் குரலும் வரவில்லை. எபி, கையைத் தொடையிடுக்கில் வைத்து நெருக்கிக்கொண்டு சொல்கிறான், "காலையிலேருந்து அவனுக்கு வயித்தால போகுது மாஸ்டர்."

மைக் ஆனில் இருந்தது அண்ணே.

மண்டபம் முழுக்கக் கேட்டது. மைக்செட்காரர் வேறு, "வீரருக்கு வயிற்று உபாதை..." ச்சீ! யார் கேட்டது இவனை? ஆட்டோவில் வரும்போது கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்ன, உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று. "நீ அழுதுட்டு இருந்தடா" என்றான். நான் அழவில்லை. அது வேர்வை. கண்ணில் வேர்வை வரும், உங்களுக்குத் தெரியும்.

மாஸ்டருக்கு அங்கே வேறு பிரிவுகளில் இன்னும் ரெண்டு பசங்கள் தூக்க வேண்டியிருந்தது, அதனால் என்னை இவனோடு அனுப்பினார். இவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இதோ இந்தப் போன்தான். தண்ணி கேன் சிந்திச் சிந்திக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். பிசுபிசுவென்று இருக்கிறது. மூணரை மணிக்கு மாஸ்டர் கூப்பிட்டார். "எபி, கை எப்பிட்றா?"

எபி உள்ளே இருந்தான். நான் எபி குரலில் பேசினேன். சும்மா, வாய்க்கு வந்தது. "உடைஞ்சிருச்சு மாஸ்டர். ஆறு மாசம் ஆகுமாம்."

மாஸ்டர் "ச்சே" என்றார். அப்புறம், "கோச் நாலு மணிக்குக் கிளம்புறாருடா. ஒரு பேர் கேக்குறாரு. இன்னைக்கு விழுந்தது உடம்பு சரியில்லாம, மத்தபடி பையன் நூத்திப்பத்து பண்ணுவான்னு சொல்லி யுகேந்தர் பேரைத்தான் குடுக்கப்போறேன். உன் பேரைத்தான்... சரி விடு. உனக்கு மனசு கஷ்டமா இருக்குமாடா?"

"இல்ல மாஸ்டர்" என்றேன். எபி குரலில். எபி அப்படித்தான் சொல்வான், அச்சு அசலாக அதையேதான் சொல்லியிருப்பான். அப்புறம் எதற்கு என்னை இப்படிப் பார்க்கறீங்க? அவன் பேசியிருந்தாலும் அதேதானே? நாலு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேரைக் கொடுக்கிறேன் என்று வைத்தார்.

மணி என்ன? மூணு அம்பத்தஞ்சு.

"எபினேசர் கூட வந்தது யாருங்க?"

நான் இல்லை அண்ணே, நிஜமாகவே சிஸ்டர். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை. இதோ பாருங்க, கதவு திறந்திருக்கிறது.

"நான்தான் சிஸ்டர்."

"உடையல தம்பி. நரம்பு பிசகி வீங்கியிருக்கு. கட்டுப் போட்டுட்டு இருக்காங்க. பதினஞ்சு இருபது நாள் வெயிட்டு தூக்கக்கூடாது, அப்பறம் சரியாயிரும். அந்தப் பையன் என்னமோ யுகா யுகான்னு கேட்டுட்டே இருக்கான், ஸ்ட்ரெச்சர் தூக்கினானே, அவனுக்கு முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்கணுமான்னு. யாரு யுகா?"

கேட்டீங்களா? உள்ளேயிருந்தும் என்னைப் பார்த்திருக்கிறான். கதவிடுக்கு வழியாக. தன் கையைப் பார்க்காமல். எனக்கு இவனைக் கண்டாலே... இவன் முட்டையும் இவனும். ச்சீ.

போன் அடிக்கிறது. மாஸ்டர்.

இருங்க அண்ணே. எபி குரல்தானே, சுலபம். தொண்டையைக் கொஞ்சம் இறக்க வேண்டும், கடைசி எழுத்தை விழுங்க வேண்டும். ம்க்கும். ம். இல்லை, இது அப்பா குரல் மாதிரி வருகிறது. ம்க்கும். வரவில்லை அண்ணே. நின்றுவிடப் போகிறது. எடுத்துவிட்டேன், பேசாமல் இருங்க.

"ஹலோ எபி? கோச் வண்டியில ஏறிட்டாருடா. குடுத்துரட்டுமா?"

"மாஸ்டர்."

"யாரு இது?"

"மாஸ்டர், எபிக்குக் கை உடையல. பதினஞ்சு இருபது நாள்ல சரியாயிருமாம். அவன் பேரைக் குடுங்க மாஸ்டர்."

"யாருப்பா பேசறது? இது எபி குரல் இல்லையே. இந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே. மேல யாரு? பேரு சொல்லு, எடை சொல்லு!"

"யுகேந்தர், மாஸ்டர்."

"எடை?"

"எடை இல்ல மாஸ்டர். நாலு மாசமா எடையே இல்ல. வெறும் வாய்."